உடலில் சேரும் மெக்னீசியம்

மெக்னீசியம் எந்த மாத்திரையிலும் தனியாக இருப்பதில்லை. வெள்ளை ஒளி வீசி எரியும் அந்த உலோகத்தை அப்படியே உண்ண முடியாது. அதனால் அது எப்போதும் வேறொன்றோடு சேர்ந்த உப்பாகவே உடலுக்குள் போகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஆக்சைடு, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் சிட்ரேட், கிளைசின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் கிளைசினேட். மருந்துக்கடை அலமாரியில் இன்று காணப்படும் பத்துப் பன்னிரண்டு பெயர்களும் இப்படி அமைந்தவைதான். மெக்னீசியம் ஒன்றே, துணைதான் வேறு. துணை மாறும்போது மூன்று காரியங்கள் மாறுகின்றன. ஒரு கிராம் பொடியில் உள்ள மெக்னீசியத்தின் அளவு மாறுகிறது. நீரில் அது கரையும் அளவு மாறுகிறது. வயிற்றைக் கலக்கும் அளவும் மாறுகிறது. ‘நன்றாக உடலில் சேரும் வகை எது’ என்ற கேள்விக்கு விடை இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட பெயரை மட்டும் வைத்து முடிவு செய்தால் பாதி விடைதான் கிடைக்கும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தசையிலும் மற்ற மென்திசுக்களிலும் செல்களுக்குள்ளே இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவது மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்ய இது தேவை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு பெரும்பாலும் மெக்னீசியத்தைப் பற்றிக்கொண்டே செயல்படுகிறது. தசை சுருங்கி விரிவது, இதயத் துடிப்பு சீராக இருப்பது, இன்சுலின் தன் வேலையைச் செய்வது ஆகிய எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

மருத்துவமனை வார்டுகளில் இதன் அருமை ஒரு குறிப்பிட்ட நிலையில் தெளிவாகத் தெரியும். நீர் பிரியும் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கும். பொட்டாசியத்தைச் சொட்டு மருந்தாக ஏற்றினாலும் மறுநாள் பரிசோதனையில் அளவு ஏறியிருக்காது. சிறுநீரகக் குழாய்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களைச் செல்லுக்குள் உள்ள மெக்னீசியம் ஓரளவு அடைத்து வைத்திருக்கும். மெக்னீசியம் குறைந்தால் அந்த அடைப்பு நீங்கி, ஏற்றிய பொட்டாசியமெல்லாம் சிறுநீரில் போய்விடும். மெக்னீசியத்தைச் சரிசெய்த பிறகுதான் பொட்டாசியம் நிற்கும். கடுமையான மெக்னீசியக் குறைவில் கால்சியமும் இறங்கும். பாராதைராய்டு சுரப்பியின் வேலை மங்குவது அதற்கு ஒரு காரணம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 440 மில்லிகிராமும் பெண்ணுக்கு 370 மில்லிகிராமும் வேண்டும். உணவு, தண்ணீர், மாத்திரை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவே மெக்னீசியம் இருக்கிறது. தவிடு போகும்போது அதுவும் போய்விடுகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 140 மில்லிகிராமுக்குக் குறையாது. எள்ளில் 350 மில்லிகிராம் வரை உண்டு. பயறு வகைகள், கீரை, நிலக்கடலை, பாதாம், பூசணி விதை ஆகியவையும் நல்ல ஊற்றுகள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்று போகும் வீட்டில் குறைவு ஏற்பட வாய்ப்பு அதிகம். வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் களியும் எள்ளுப்பொடியும் சுண்டலும் சேர்ந்தால், பெரும்பாலோருக்கு மாத்திரை பற்றிய கேள்வியே எழாது. தானியத்திலும் பயறிலும் உள்ள பைடேட் மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன.

உணவில் வரும் மெக்னீசியத்தில் உடல் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு. எஞ்சியது மலத்தோடு போகிறது. உறிஞ்சும் வேலையில் பெரும்பகுதி சிறுகுடலில் நடக்கிறது. அங்கே செல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக, அடர்த்தி மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு மெக்னீசியம் தானாகவே கசிகிறது. இரண்டாவது வழி செல்லின் ஊடாகவே செல்வது. டிஆர்பிஎம்6, டிஆர்பிஎம்7 என்று பெயரிடப்பட்ட புரத வாசல்கள் அதற்கு உண்டு. பெருங்குடலில் இவற்றுக்குப் பங்கு அதிகம். இந்த வாசல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். உள்ளே வரும் அளவு சிறியதாக இருந்தால் அதில் பெரும்பங்கை அவை இழுத்துக்கொள்ளும். அளவு பெருகினால் மிஞ்சியதற்குச் செல்களுக்கு இடையே உள்ள கசிவுப் பாதைதான்.

1991-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஃபைன், ஃபோர்ட்ரான் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. நலமாக உள்ளவர்களுக்குச் சிறிதிலிருந்து பெரிதாகப் பல அளவுகளில் மெக்னீசியம் கொடுத்து, உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கிடப்பட்டன. மிகச் சிறிய அளவில் 65 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. மிகப் பெரிய அளவில் 11 விழுக்காடுதான். மொத்தமாக உடலில் சேர்ந்தது அளவோடு கூடிக்கொண்டே போனது; ஆனால் கூட்டிக் கொடுத்த ஒவ்வொரு பங்கிலும் முன்னதைவிடக் குறைவான பகுதியே சேர்ந்தது. மாத்திரைத் தேர்வு பற்றிய பேச்சில் இந்த உண்மைக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைப்பதில்லை. ஒரே உப்பு, ஒரே மனிதர். அளவு மட்டும் மாறியதில் 65 என்பது 11 ஆகிறது. உப்பின் பெயரை மாற்றிக் கிடைக்கும் பலன் பல நேரங்களில் இந்த வேறுபாட்டைவிடச் சிறியது.

எந்தப் பாதையானாலும், குடல் சுவரைக் கடக்க வேண்டுமானால் மெக்னீசியம் முதலில் கரைந்திருக்க வேண்டும். கரையாத துகள் குடல் வழியே போய் வெளியேறும். சாதாரண நீரில் மெக்னீசியம் ஆக்சைடு ஏறக்குறையக் கரைவதே இல்லை. இரைப்பையின் அமிலம் சேர்ந்தால்தான் அது குளோரைடாக மாறிக் கரையும். சிட்ரேட், குளோரைடு, லாக்டேட், அஸ்பார்டேட் ஆகியவை நீரிலேயே நன்றாகக் கரைபவை. 1990-இல் வெளியான லிண்ட்பெர்க் குழுவின் ஆய்வில், இரைப்பை முழு வேகத்தில் அமிலம் சுரப்பதற்கு இணையான கரைசலில்கூட ஆக்சைடில் 43 விழுக்காடுதான் கரைந்தது. சிட்ரேட் வெறும் தண்ணீரிலேயே 55 விழுக்காடு கரைந்தது. இரண்டையும் மனிதர்களுக்குக் கொடுத்துச் சிறுநீரை அளந்தபோது, சிட்ரேட் உண்டபின் வெளியேறிய மெக்னீசியமே தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

ஆக்சைடு கரைய அமிலம் வேண்டும் என்பதால், அமிலம் குறைந்த இரைப்பையில் அதற்கு வாய்ப்பு இன்னும் சுருங்கும். வயதானவர்களில் பலருக்கு அமிலச் சுரப்பு குறைவு. ‘கேஸ் மாத்திரை’ என்று வீட்டுக்கு வீடு வழங்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மருந்துகளைத் தினமும் காலையில் விழுங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இந்த மருந்துகள் அமிலத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை; நீண்ட நாள் சாப்பிட்டால் உடலின் மெக்னீசியத்தையே இறக்கிவிடக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் இது காணப்பட்டது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறாமல், அமில மருந்தையே நிறுத்த வேண்டி வந்தது என்று அந்த எச்சரிக்கை கூறியது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சைடு மாத்திரை பொருத்தமற்ற தேர்வு. அதைவிட முக்கியமாக, அந்தக் கேஸ் மாத்திரை இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது பலனுள்ள காரியம்.

எந்த உப்பு எவ்வளவு சேர்கிறது என்பதை அளப்பதும் எளிதல்ல. இரத்தத்தில் பார்த்தால், உடல் அந்தச் சிறு பகுதியை எப்பாடுபட்டும் ஒரே அளவில் வைத்திருக்கும். எலும்பிலிருந்து எடுத்தாவது ஈடுசெய்யும். ஆகவே இரத்த அளவு சரியாக இருப்பதால் மட்டும் இருப்பு நிறைவாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளப்பது ஆய்வுகளில் அதிகம் பின்பற்றப்படும் முறை. உடலுக்குத் தேவைக்கு மேல் சேர்ந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றும் என்பதால், சிறுநீரில் கூடினால் குடலில் உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் குறைவுள்ளவரின் உடல் கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவருடைய சிறுநீரில் அது தெரியாது. மிகத் துல்லியமான முறை ஐசோடோப்பு முறை. இயற்கை மெக்னீசியத்தில் எடை 24 கொண்ட அணு 79 விழுக்காடு; 25, 26 எடை கொண்டவை முறையே சுமார் 10, 11 விழுக்காடு. கதிர்வீச்சு இல்லாத அந்த அரிய அணுக்களைச் செறிவூட்டிக் கொடுத்து, அவை எங்கே போகின்றன என்று தொடரலாம். செலவு மிகுந்த முறை என்பதால் கடையில் விற்கும் மாத்திரைகளில் மிகச் சிலவே இப்படிச் சோதிக்கப்பட்டுள்ளன.

சிறுநீர் முறையில் செய்த ஆய்வுகளில் 2001-இல் வெளியான ஃபிரோஸ், கிரேபர் ஆகியோரின் ஆய்வு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது. அமெரிக்கக் கடைகளில் விற்ற நான்கு வகைகளை ஒப்பிட்டதில், ஆக்சைடில் உறிஞ்சப்பட்ட பங்கு சுமார் 4 விழுக்காடு என்று வந்தது. குளோரைடு, லாக்டேட், அஸ்பார்டேட் மூன்றும் அதைவிட நன்றாகவும் தமக்குள் ஏறக்குறையச் சமமாகவும் இருந்தன. 2003-இல் வாக்கர் குழு 46 பேருக்கு 60 நாள் வரை, நாளுக்கு 300 மில்லிகிராம் மெக்னீசியத்தை மூன்று வடிவங்களில் கொடுத்துப் பார்த்தது. சிட்ரேட் முதலிடத்தில் வந்தது. அமினோ அமிலச் சேர்மமும் ஆக்சைடை விஞ்சியது. ஆக்சைடு வெற்று மாத்திரையிலிருந்து வேறுபடவில்லை. இதற்கு எதிரான முடிவும் உண்டு. 2012-இல் இஸ்ரேலில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சைடு உண்டவர்களின் செல்களுக்குள் மெக்னீசியம் ஏறியதாகக் கண்டார்கள். ஆனால் அங்கே ஆக்சைடு குழுவுக்குக் கொடுத்த மெக்னீசியத்தின் அளவு சிட்ரேட் குழுவுக்குக் கொடுத்ததைவிட மிக அதிகம். ஆகவே வடிவங்களை அது சமமாக ஒப்பிட்டதாகக் கொள்ள முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கரையும் உப்புகள் ஆக்சைடைவிட நன்றாகச் சேர்கின்றன என்பது உறுதி. கரையும் உப்புகளுக்குள் ஒன்றைவிட மற்றொன்று மிக உயர்ந்தது என்பதற்கு அந்த அளவு சான்று இல்லை. விளம்பரங்கள் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேறுபாட்டைப் பற்றித்தான்.

இனி வடிவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆக்சைடின் எடையில் 60 விழுக்காடு மெக்னீசியம். இவ்வளவு செறிவு வேறு எந்த உப்பிலும் இல்லை. விலையும் குறைவு, மாத்திரையும் சிறியது. தயாரிப்பாளர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதுவே. பல்சத்து மாத்திரைகளில் ‘மெக்னீசியம்’ என்று மட்டும் குறித்திருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆக்சைடுதான். 400 மில்லிகிராம் ஆக்சைடு மாத்திரையில் 241 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கும். 4 விழுக்காடு என்ற கணக்கில் அதிலிருந்து உடலில் சேர்வது 10 மில்லிகிராம் அளவு. ஒரு கைப்பிடி நிலக்கடலையிலிருந்தே அவ்வளவு கிடைத்துவிடும். குடலில் தங்கும் எஞ்சிய பகுதி தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். மலச்சிக்கலுக்காகவே ஒருவர் வாங்கினால் ஆக்சைடும், ‘மில்க் ஆஃப் மக்னீசியா’ என்ற பெயரில் கிடைக்கும் ஹைட்ராக்சைடும் சரியான தேர்வே. சேராமல் இருப்பதுதான் அங்கே பயன்.

சிட்ரேட்டில் மெக்னீசியம் 16 விழுக்காடு வரை. நன்றாகக் கரையும், எளிதாகக் கிடைக்கும், விலையும் நடுத்தரம். அதிக ஆய்வுகளில் பயன்பட்ட வடிவங்களில் இது ஒன்று. சிலருக்கு வயிற்றை இளக்கும். மலம் இறுகும் இயல்புள்ளவருக்கு அது நன்மை. ஏற்கெனவே அடிக்கடி வெளிக்குப் போகிறவருக்குத் தொல்லை.

பிஸ்கிளைசினேட்டில் ஒரு மெக்னீசியத்தை இரண்டு கிளைசின் மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. எடையில் மெக்னீசியம் 14 விழுக்காடு. வயிற்றைக் குறைவாகக் கலக்கும் என்பது இதன் உண்மையான சிறப்பு. 1994-இல் ஷூட்டே குழு, சிறுகுடலின் கடைப்பகுதி வெட்டி நீக்கப்பட்ட 12 நோயாளிகளுக்கு இதையும் ஆக்சைடையும் ஐசோடோப்பு கலந்து கொடுத்தது. சராசரியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, 23 விழுக்காட்டை ஒட்டிச் சேர்ந்தன. ஆனால் ஆக்சைடை மிகக் குறைவாக உறிஞ்சிய நால்வரிடம் கிளைசினேட் தெளிவாகக் கூடுதலாகச் சேர்ந்தது. குடல் பலவீனமானவருக்கு இந்த வடிவம் உதவக்கூடும் என்பதற்கு அது ஒரு சான்று. எல்லோருக்கும் இதுவே தலைசிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. கிளைசின் தூக்கத்துக்கு உதவும் என்ற பேச்சும் இதோடு ஒட்டியது. ஜப்பானில் நடந்த கிளைசின் ஆய்வுகளில் படுக்கும் முன் கொடுத்தது 3 கிராம். ஒரு கிராம் பிஸ்கிளைசினேட்டில் இருக்கும் கிளைசின் 0.86 கிராம்தான்.

மாலேட், லாக்டேட், குளோரைடு, அஸ்பார்டேட் ஆகியவை கரையும் உப்புகளே. கைக்கு எட்டிய விலையில் கிடைத்தால் சிட்ரேட்டுக்குப் பதிலாக எடுக்கலாம். டாரேட், ஓரோடேட் ஆகியவற்றில் மெக்னீசியம் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இதயத்துக்கு என்று சொல்லி விற்கப்படும் இவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை ஈடுசெய்யும் சான்று போதாது. எல்-திரியோனேட்டில் மெக்னீசியம் சுமார் 8 விழுக்காடு. மூளைக்குள் மெக்னீசியத்தைக் கூட்டி நினைவாற்றலை வளர்த்தது என்று 2010-இல் எலிகளிடம் காட்டப்பட்டது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. விலையோ எல்லாவற்றிலும் உயர்ந்தது. உடலின் மெக்னீசியக் குறைவை நிரப்ப இதை வாங்குவது பணவிரயம்.

பேதியுப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட் வாய்வழியில் பேதிக்குத்தான். ஊசியாக அதன் இடம் வேறு. கருவுற்ற பெண்களுக்கு வரும் வலிப்பு நோயில் அது உயிர் காக்கும் மருந்து என்பதை 1995-இல் வந்த பன்னாட்டு ஆய்வும், அந்த வலிப்பு வராமல் தடுக்கவும் உதவும் என்பதை 2002-இல் வந்த மேக்பை ஆய்வும் நிலைநாட்டின. அதே உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கால் நனைப்பதாலும், ‘மெக்னீசியம் எண்ணெய்’ என்ற குளோரைடு கரைசலைத் தோலில் தடவுவதாலும் உடலில் குறிப்பிடத்தக்க அளவு சேர்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வெந்நீரின் இதம் உண்மை. மெக்னீசியத்தின் கணக்கில் அதை எழுத முடியாது.

வடிவத்தைத் தேர்ந்தபின் டப்பாவின் பின்புறத்தைப் படிப்பது அடுத்த வேலை. பலரும் இடறுவது இங்கேதான். முன்பக்கத்தில் ‘மெக்னீசியம் பிஸ்கிளைசினேட் 1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது உப்பின் முழு எடை. மெக்னீசியத்தின் எடை அல்ல. பின்பக்க அட்டவணையில் ‘எலிமென்டல் மெக்னீசியம்’ என்ற வரியைத் தேட வேண்டும். 1000 மில்லிகிராம் தூய பிஸ்கிளைசினேட்டில் 141 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம் இருக்க வேதியியல் இடம் தராது. அந்த வரியில் 200 என்று இருந்தால் இரண்டில் ஒன்று: அச்சிட்ட எண் தவறு, அல்லது உள்ளே ஆக்சைடு கலந்திருக்கிறது. இரண்டாவது பரவலானது. ‘பஃபர்டு’ என்ற சொல் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். மூலப்பொருள் பட்டியலில் ‘மெக்னீசியம் ஆக்சைடு’ என்றும் காணப்படும். கலப்பு விற்பது சட்டத்துக்கு எதிரானதல்ல, உடலுக்குக் கேடும் அல்ல. ஆனால் கிளைசினேட்டின் விலையைக் கொடுத்து ஆக்சைடை வாங்குகிறோம் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். சில டப்பாக்களில் ஒரு மாத்திரைக்கு என்றில்லாமல் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று கணக்குப் போட்டு, அந்தப் பரிமாறல் இரண்டோ மூன்றோ மாத்திரை என்று ஓரமாகக் குறித்திருப்பார்கள். எலிமென்டல் அளவே குறிப்பிடாத டப்பாவை வாங்காமல் விடுவது நல்லது. விலையையும் எலிமென்டல் மெக்னீசியத்தின் 100 மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று மாற்றிப் பார்த்தால் கடை அலமாரியின் வரிசையே மாறிவிடும்.

மாத்திரையின் அமைப்பும் கவனிக்கத் தக்கது. இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்ட குளோரைடு மாத்திரையையும் டல்லாஸ் ஆய்வு சோதித்தது. அசிடேட்டோடு ஒப்பிட்டால் அதிலிருந்து உறிஞ்சப்பட்டது 67 விழுக்காடு குறைவு. நன்றாகக் கரையும் உப்பே, பூச்சு குறுக்கே நின்றதால் பயனிழந்தது. மெதுவாக வெளியிடும் வகைகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதை நினைக்க வேண்டும். பொடியாகக் கரைத்துக் குடிக்கும் சிட்ரேட்டில் இந்தச் சிக்கல் எழாது.

எப்படிச் சாப்பிடுவது என்பதில் இரண்டு எளிய மாற்றங்கள் பயன் தரும். நாள் அளவை ஒரே முறையில் விழுங்காமல் இரண்டாகப் பிரித்தால் சேரும் பங்கு கூடும், வயிறும் கலங்காது. சாப்பாட்டோடு எடுத்தால் குடலில் அது நகரும் வேகம் குறைந்து உறிஞ்ச நேரம் கிடைக்கும். 2002-இல் சபாதியே குழு 10 பெண்களுக்கு மெக்னீசியம் மிகுந்த கனிம நீரைக் கொடுத்தபோது, வெறும் வயிற்றில் 45.7 விழுக்காடும் உணவோடு 52.3 விழுக்காடும் சேர்ந்தன. காலை உணவோடு 100, இரவு உணவோடு 100 என்ற அளவில் சிட்ரேட் எடுப்பவருக்கு, ஒரே முறையில் 400 விழுங்குபவருக்கு நேரும் வயிற்றுப்போக்குப் பெரும்பாலும் வராது.

மாத்திரையாக மட்டும் எடுக்கும் மெக்னீசியத்துக்கு அமெரிக்காவில் நாள் உச்சவரம்பு 350 மில்லிகிராம். ஐரோப்பிய நிபுணர் குழு வைத்தது 250. நாள் தேவை 440 என்றும் உச்சவரம்பு 350 என்றும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. தேவை என்பது உணவையும் சேர்த்தது. வரம்பு மாத்திரைக்கு மட்டும் உரியது, அதுவும் வயிற்றுப்போக்கை அளவுகோலாகக் கொண்டு வைத்தது. மருத்துவர் மேற்பார்வையில் இதைத் தாண்டிக் கொடுப்பதும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காக 1996-இல் ஜெர்மனியில் 81 பேரிடம் நடந்த சோதனையில் நாளுக்கு 600 மில்லிகிராம் சிட்ரேட் வடிவில் கொடுத்தார்கள். மெக்னீசியம் எடுத்தவர்களிடம் தாக்குதல்கள் 41.6 விழுக்காடும், வெற்று மருந்து எடுத்தவர்களிடம் 15.8 விழுக்காடும் குறைந்தன.

மற்ற நோக்கங்களில் எதிர்பார்ப்பு அளவாக இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்தில் 34 சோதனைகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, மேல் எண் சராசரியாக 2 புள்ளி குறைந்ததாகக் கண்டது. அழுத்த மருந்தை விட்டுவிட்டு இதை நம்புவதற்கு அது இடம் தராது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் முதியவர்களுக்கு மெக்னீசியம் எடுக்கும்படி பலர் சொல்வதுண்டு. ஆனால் காக்ரேன் தொகுப்பாய்வு அவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயன் இருக்க வாய்ப்பில்லை என்று முடித்திருக்கிறது. உண்மையில் குறைவுள்ளவர்களுக்கே மாத்திரை தெளிவாகப் பயன்படும். நெடுநாள் வயிற்றுப்போக்கு உள்ளவர், குடல் அறுவை செய்துகொண்டவர், கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயால் சிறுநீரில் மெக்னீசியத்தை இழப்பவர், மதுப்பழக்கம் உள்ளவர், நீர் பிரியும் மாத்திரையும் கேஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் முதன்மையானவர்கள்.

மெக்னீசியம் சில மருந்துகளைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. நன்றாகக் கரையும் உப்பானாலும் இந்தத் தொல்லை உண்டு. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மெக்னீசியத்தை இரவு உணவுக்கு ஒதுக்கிவிட்டால் எளிது. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட்டுக்கும் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். மிகப் பெரிய அளவில் துத்தநாகம் சாப்பிட்டால் மெக்னீசியம் சேர்வது குறையும்.

சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு உணவால் மெக்னீசியம் மிகுந்துபோவதில்லை. கூடுதலைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த வடிகால் அடைபட்டிருக்கிறது. அவரிடம் ‘நன்றாகச் சேரும்’ வடிவமே ஆபத்தான வடிவம். மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் மெக்னீசிய மருந்துகள்கூட அவர் உடலில் தேங்கலாம். இரத்தத்தில் அளவு ஏறும்போது முதலில் குமட்டல், முகம் சிவத்தல், சோர்வு, தூக்கக் கலக்கம் தெரியும். முழங்காலில் தட்டினால் கால் துள்ளும் அனிச்சைச் செயல் மறையும். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கும். இன்னும் ஏறினால் மூச்சு நிற்கலாம். மருத்துவமனையில் உடனடியாகக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டு அதன் வேகத்தைத் தணிப்பார்கள். தேவையானால் டயாலிசிஸ் மூலம் மெக்னீசியத்தை வெளியேற்றுவார்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ பல ஆண்டுகளாக உள்ளவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் எந்த மெக்னீசிய மாத்திரையையும் தொடங்கும் முன் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவு கையில் இருந்தால், எந்த வடிவம், எவ்வளவு என்பதை மருத்துவரோடு பேசித் தீர்மானிக்கலாம்.